வென்று விலகிய வீரர் பொபி ஜோன்ஸ்

தேரின் வடம் பிடிப்போர் பல நூற்றுவர். தேர் இருப்பிடத்தை அணுகும்போது சில்லடியிற் கட்டையிட்டு, அதனை உரிய இடத்தில் நிறுத்துவோர் இருவரோ நால்வரோதாம். திருவிழாக் காலத்தில் வீதியோரம் நின்று இக்காட்சியைக் காணும்போதெல்லாம், ஓட்டுவதிலும் நிறுத்துவதே அரிய வித்தை என்று எண்ணுவேன். விளையாட்டுக் களத்திலே பெரும்புகழ் ஈட்டியோர் வரலாறுகளைப் படிக்கும்போதும் அவ்வெண்ணமே எழுகின்றது. உச்சியை எய்தியோர் பலர். அவ்வுச்சியில் நிற்கையிலேயே, எவரும் போகச் சொல்லாத வேளையிலே, தாமாக விடைபெற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் முதல்வராக வைத்தெண்ணத் தக்கவர் அமெரிக்க நாட்டுக் கோல்ப் வீரர் பொபி ஜோன்ஸ் அவர்கள். அவர் போட்டிக் களத்தை நீங்கியபோது அவருக்கு வயது 28.

கோல்ப் நம் மாணவர்க்குப் பழக்கமான ஆட்டமன்று. நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் சென்றோர், அந்நகரிலே அகன்று கிடக்கும் புற்றரையையும், அங்கே சிறு வெண்பந்தொன்றை நீண்ட மட்டையால் அடித்துவிட்டு அதன் பின்னே நடந்து செல்வோரையும் கண்டிருப்பர். ஒரு சுற்றுக்குக் குழிகள் 18. மிகக் குறைந்த அடிகளிற் பந்தை அக்குழிகளிற் சேர்ப்பவர் வெற்றியாளர். பார்ப்பவர்க்கு இது முதியோரின் மாலை நடை போலத் தோன்றும். ஆயினும், எதிரி குறுக்கே வந்து பந்தைப் பறிக்காத இவ்வாட்டத்திலே ஒருவனுக்குப் பகைவன் அவனுடைய மனமே ஆகின்றது. அடிக்கு அடி சிந்திக்க நேரமுண்டு. சிந்திக்க நேரமுள்ள இடத்தில் அஞ்சவும் நேரமுண்டு. ஜோன்ஸ் அவர்களின் வாழ்வை விளங்கிக்கொள்வதற்கு இதனை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

ஜோர்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. குழந்தை மிக நோயாளி. ஐந்து வயதுவரை திண்ணிய உணவு எதனையும் ஏற்க இயலாத உடல். நல்ல காற்றுக்காகப் பெற்றோர் கோடை காலத்தில் நகரின் புறத்தேயுள்ள ஈஸ்ட் லேக் என்னுமிடத்திற் குடியிருந்தனர். அங்கே கோல்ப் திடல் ஒன்று இருந்தது. ஸ்கொத்லாந்தின் கானூஸ்டி ஊரிலிருந்து வந்த ஸ்ருவேட் மெயிடன் என்பவர் அத்திடலின் ஆசிரியர். சிறுவன் அவரிடம் பாடங் கேட்டானல்லன். அவர் பின்னாலே நடந்து நடந்து, அவர் நின்றதுபோல் நின்று, வீசியதுபோல் வீசிப் பழகினான். மட்டையைக் கையிற் கொடுத்த ஆசிரியரிலும், பின்னே வரவிட்ட ஆசிரியர் பெரியவர் என்று எம்மைப்போன்ற ஆசிரியத் தொழிலினர் சற்று நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

பதினான்காம் வயதில், 1916ஆம் ஆண்டு, மெரியன் திடலில் நடைபெற்ற அமெரிக்க அமெச்சூர் போட்டியிற் கலந்துகொண்டார். ஊதியமோ பரிசுப் பணமோ பெறாது ஆடுவோரை அமெச்சூர் என்பர். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டோர் தொழின்முறை ஆட்டக்காரர். அமெச்சூர் போட்டி முன்னவர்க்கே உரியது. பகிரங்கப் போட்டி இரு சாராருக்கும் பொதுவானது. பதினான்கு வயதுச் சிறுவன் முன்னாள் வெற்றியாளர் ஒருவரை வீழ்த்தி மூன்றாஞ் சுற்றுவரை சென்றது கண்டு நாடு வியந்தது. அந்த வியப்பே அவருக்குச் சுமையாயிற்று. அடுத்த ஏழாண்டுகள் எதிர்பார்ப்பு மிகுந்தது. பெரும்பட்டம் ஒன்றேனும் வாய்க்கவில்லை. கோபம் அவரை ஆட்டிப் படைத்தது. அடி பிழைத்தால் மட்டையை வீசியெறிவார். 1921ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் திடலிலே, பிரித்தானியப் பகிரங்கப் போட்டியின் மூன்றாஞ் சுற்றில், 11ஆங் குழியருகேயுள்ள மணற்குழியிற் பந்து அகப்பட்டு வெளிவர மறுத்தபோது, பொறுமையிழந்து போட்டியையே கைவிட்டார். கோல்ப் ஆட்டத்தின் தாயகமென்று போற்றப்படும் ஊரிலே அப்படி நடந்துகொண்டதை அவர் வாழ்நாள் முழுவதும் ஓர் இழுக்காகவே கருதினார்.

அதற்கு முந்திய ஆண்டில் நிகழ்ந்ததொன்றை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். 1920ஆம் ஆண்டு ஒகாயோ மாநிலத்து இன்வேர்ணஸ் திடலில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி நடைபெற்றது. பதினெட்டு வயது ஜோன்ஸ் அவர்களுக்கு இதுவே முதலாவது பகிரங்கப் போட்டி. அங்கே அவருடன் சோடியாக ஆட நேர்ந்தவர் ஹரி வார்டன். பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தை ஆறுமுறை வென்ற அம்மாவீரருக்கு அப்போது வயது 50. நெஞ்சக நோய் கண்டு மீண்டவர்; குறுகிய தூரத்துப் பந்தைத் தட்டும்போது கை நடுங்கும். ஆயினும் இறுதிச் சுற்றின் பிற்பகுதிவரை வார்டனே முன்னணியில் நின்றார். எல்லாரும் அவரே வெற்றியாளர் என்று எண்ணியிருந்த வேளையில் ஏரிப் பக்கமிருந்து பெருங்காற்று எழுந்தது. களைத்த முதியவர் குழிக்குக் குழி அடிகளை இழந்து, இறுதியில் ஒரேயோர் அடியினாற் பட்டத்தைத் தம் நாட்டவரான டெட் றேயிடம் விட்டார். இளைஞர் இதனை அங்கிருந்தே கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தில் என்ன விதையை ஊன்றிற்று என்று நாம் அறுதியிட்டுக் கூறுதல் முறையன்று. எனினும், அவர் வரலாற்றைப் படிப்போர் இவ்விடத்திற் சற்றுத் தரிக்காமற் செல்ல முடியாது.

1923ஆம் ஆண்டு நியூயோர்க் அருகே இன்வுட் திடலில் அமெரிக்கப் பகிரங்கப் பட்டம் கிடைத்தது. அதன் பின் மழைக்காலத்துக் குளம்போல வெற்றிகள் நிரம்பின. 1922 முதல் 1930 வரையான ஒன்பது ஆண்டுகளில், 1927 ஒன்று நீங்கலாக, அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் ஒவ்வோராண்டும் அவருக்குக் கிடைத்தது முதலாம் இடம் அல்லது இரண்டாம் இடம். 1923 முதல் 1930 வரை அவர் கலந்துகொண்ட பெரும்போட்டிகள் 21, வென்றவை 13. இத்தனைக்கும் அவர் ஆண்டு முழுவதும் ஆடித் திரிந்தவரல்லர். ஆண்டில் ஒருசில போட்டிகள் மாத்திரமே. எஞ்சிய காலத்திற் படித்தார். ஜோர்ஜியா தொழினுட்பக் கல்லூரியிற் பொறியியற் பட்டம், ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பட்டம், பின்னர் எமரி பல்கலைக்கழகத்திற் சட்டக் கல்வி. சட்டப் படிப்பு முடியுமுன்னரே தொழில்புரியும் தகுதிப் பரீட்சையிற் சித்தியெய்தி, தந்தையாரின் அலுவலகத்திற் சேர்ந்தார். 1924இல் மேரி மலோன் என்னும் நங்கையை மணந்தார், மக்கள் மூவர்.

கோபக்காரர் எவ்வாறு மாறினார் என்பதற்கு 1925ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சான்று. வூஸ்டர் திடலில் நடந்த அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் முதற் சுற்றில், 11ஆங் குழியருகே உயர்ந்த புல்லிற் பந்து கிடந்தது. மட்டையைப் புல்லில் வைத்த கணத்திற் பந்து சற்றே அசைந்தது. வேறெவரும் அதனைக் காணவில்லை. ஜோன்ஸ் தாமே அதனை அறிவித்து, தமக்கு ஓர் அடி தண்டனை வேண்டுமென்றார். நடுவர்கள் பலரையும் விசாரித்து, கண்டவர் எவருமில்லாமையால் முடிவை அவரிடமே விட்டனர். அவர் அடியைச் சேர்த்துக்கொண்டார். போட்டி முடிவில் அவரும் வில்லி மக்பார்லேனும் சமமாக நின்றனர். மறுநாள் தனியாட்டத்தில் ஓர் அடியால் ஜோன்ஸ் தோற்றார். தண்டனை அடி இல்லையேல் முதல்நாளே பட்டம் அவருடையது. பிறர் இதனைப் புகழ்ந்தபோது அவருக்கு எரிச்சலே உண்டாயிற்று. களவு செய்யாதவனைக் களவு செய்யவில்லையென்று பாராட்டுவது எங்ஙனம் பொருந்தும் என்பது அவர் நினைப்பு.

இவ்வெற்றிகளுக்கு அவர் கொடுத்த விலையைப் பலர் அறிந்திலர். போட்டி நாட்களில் உணவு உட்செல்லாது, உட்சென்றதும் தங்காது. ஒரு வாரப் போட்டி முடிகையிற் பல இறாத்தல் உடல்நிறை குறைந்திருக்கும். புன்முறுவலோடு ஆடிய அழகிய இளைஞரைத்தான் மக்கள் கண்டனர். அறைக்குள்ளே சோர்ந்து கிடந்தவரை அவருடைய நண்பரும் பத்திரிகையாளருமான ஓ. பி. கீலர் போன்ற ஒருசிலரே கண்டனர். பரிசுப் பணம் ஒரு சதமும் இல்லை. வெல்ல வெல்ல எதிர்பார்ப்பு வளர்ந்தது. தோல்வி செய்தியாயிற்று, வெற்றி வழமையாயிற்று. இத்தகைய நிலையில், ஆட்டத்தை விட்டு நீங்கும் எண்ணம் அவருள்ளே மெல்ல முளைத்தது.

1930ஆம் ஆண்டு வந்தது. இரு நாட்டு அமெச்சூர் பட்டங்களையும், இரு நாட்டுப் பகிரங்கப் பட்டங்களையும் ஒரே ஆண்டில் எவரும் வென்றதில்லை. வெல்லலாம் என்று எண்ணியோரும் இல்லையெனலாம். பிரித்தானிய அமெச்சூர் பட்டம் மாத்திரமே அதுவரை ஜோன்ஸ் அவர்களின் கைக்கு எட்டாதிருந்தது. அவ்வாண்டு அது நடைபெற்ற இடம் சென் அன்றூஸ். முன்பு அவர் பொறுமையிழந்த அதே திடல். நடப்பு வெற்றியாளரான சிறில் ரொலியுடன் நிகழ்ந்த ஆட்டம் 18 குழிகளிலும் முடியாது 19ஆங் குழிக்குச் சென்று, மயிரிழையில் ஜோன்ஸ் தப்பினார். மே 31இல் இறுதியாட்டத்தில் றொஜர் வெதறெட்டை வென்றார். யூன் மாதம் ஹொய்லேக் திடலிற் பிரித்தானியப் பகிரங்கப் பட்டம். திரும்பிவந்தவரை நியூயோர்க் மாநகரம் வீதியெங்கும் காகிதப் பூமாரி பொழிந்து வரவேற்றது. யூலை மாதம் மினியாபொலிஸ் நகரருகே அமெரிக்கப் பகிரங்கப் போட்டி. அங்கே அனலான வெயில். வியர்வையில் ஊறி இறுகிய கழுத்துப்பட்டியை அவிழ்க்க இயலாது கத்தியால் அறுத்தெடுத்தனர் என்பர். அதனையும் வென்றார்.

செப்தெம்பர் மாதம் நான்காவது போட்டி, மெரியன் திடலில். பதினான்கு வயதிற் சிறுவனாக அவர் அடியெடுத்து வைத்த இடம். கூட்டம் நெருக்கிவிடாதபடி மரீன் படையினர் அவரைச் சூழ்ந்து நடந்தனர். 27ஆந் திகதி இறுதியாட்டத்தில் இயூஜின் ஹோமன்ஸ் என்பவரை வெகு இலகுவாக வென்றார். நான்கு பட்டங்களும் ஓராண்டில் ஒருவர் கையிற் சேர்ந்தன. அதன்பின் அந்த நான்கையும் ஓராண்டில் வென்றவர் இன்றுவரை எவருமில்லை.

ஏழு வாரங்கள் சென்றன. நவெம்பர் 17ஆந் திகதி, தாம் போட்டி ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிக்கையொன்றை அவர் வெளியிட்டார். ஆட்டத்தைக் கற்பிக்கும் திரைப்படங்களை வோணர் பிறதர்ஸ் கம்பனிக்காக நடித்துக்கொடுக்க உடன்பட்டிருப்பதையும், அதன்பின் தம்மை அமெச்சூர் என்று கூறிக்கொள்வது முறையன்று எனத் தாம் கருதுவதையும் அதிற் குறிப்பிட்டார். பணத்துக்காக விலகினார் என்று சொல்வோர்க்கு அவர் இடங்கொடுத்தார் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பணமே நோக்கமாயின் தொழின்முறை ஆட்டக்காரராகி ஊரூராக ஆடியிருக்கலாம். அதற்கு ஒரு கூட்டமே காத்திருந்தது. அவரோ மனைவி மக்களோடும் சட்டப் புத்தகங்களோடும் இருக்கவே விரும்பினார்.

இவ்விடத்தில் வார்டன் அவர்களை மீண்டும் நினைக்கின்றேன். ஐம்பது வயதில் ஆடித் தோற்ற முதியவர் பிழை செய்தாரா? அவ்வாறு கூற எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு ஆட்டமே சீவனோபாயம். தோட்டவேலை செய்த ஏழையின் மகன் அவர். அன்றியும், அன்று காற்று எழாதிருந்தால் உலகம் அவரைக் கொண்டாடியிருக்கும். 2009ஆம் ஆண்டு ரேண்பெரி திடலிலே 59 வயது ரொம் வாற்சன் பிரித்தானியப் பகிரங்கப் பட்டத்தைக் கையால் தொட்டுத் தனியாட்டத்தில் இழந்தபோது, அவர் ஏன் வந்தார் என்று கேட்டவர் யார்? கண்கலங்கினவர்களே மிகுதி. ஆதலால் வயதைக் கொண்டு கணக்கிடுவோர் இந்த ஆட்டத்தில் ஏமாறுவர். பைரன் நெல்சன் 1945இல் ஓராண்டிலே 18 போட்டிகளை வென்று, அடுத்த ஆண்டு 34 வயதிற் களம் நீங்கிப் பண்ணை வாழ்வை மேற்கொண்டார். அதுவும் அவர் கணக்குக்குச் சரியே. (இவ்வளவும் எழுதுகின்ற நான், நாற்பதைக் கடந்த பின்பும் பழைய மாணவர் உதைபந்தாட்ட அணியில் இடங்கேட்டுப் பெற்று, பத்து நிமிடத்தில் கால் பிடித்து வெளியே வந்தவன் என்பதை, அருகிருந்து சிரித்த நண்பர்கள் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகின்றேன்.) ஜோன்ஸ் அவர்களிடம் நான் வியப்பது, தம் உள்ளே நடப்பதை அவர் வெளிப்புகழால் மறைத்துக்கொள்ளவில்லை என்பதையே. கை தளரவில்லை, கண் மங்கவில்லை. போட்டிக்கு முந்திய இரவுகளைத் தாங்கும் ஆற்றலே குறைந்தது. அதனை அளக்கக்கூடியவர் அவர் ஒருவரே.

விலகியது போட்டியிலிருந்தேயன்றி ஆட்டத்திலிருந்தன்று. ஒகஸ்டா நகரிலே பழைய மரக்கன்றுத் தோட்டம் ஒன்று இருந்தது. அந்நிலத்தைக் கிளிபோட் றொபேட்ஸ் முதலிய நண்பர்களோடு சேர்ந்து பெற்று, அலிஸ்ரர் மக்கென்சி என்னும் வல்லுநரின் துணையோடு புதிய திடல் ஒன்றை அமைத்தார். 1934ஆம் ஆண்டு அங்கே முதலாவது அழைப்புப் போட்டி நடைபெற்றது. மாஸ்டர்ஸ் என்று இன்று உலகம் அறிவது அதுவே. அப்பெயர் தற்பெருமையாக ஒலிக்கின்றதென்று அவர் சில ஆண்டுகள் அதனை ஏற்க மறுத்தார். போட்டிக்கு ஆட்கள் வரவேண்டுமே என்பதற்காக, விருந்து அழைத்தவர் என்ற முறையில் தாமும் ஆடினார். பந்தைத் தட்டுங் கை பழையபடி இசையவில்லை. பதின்மூன்றாம் இடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொண்டார். அதிலும் மேலான இடம் அப்போட்டியில் அவருக்கு என்றும் வாய்க்கவில்லை. எனினும், 1948வரை, போர்க்காலம் நீங்கலாக, இளவேனில் வரும்போதெல்லாம் வந்து ஆடினார். உலகை வென்றவர் பின்வரிசையில் நிற்க நாணவில்லை. இளமையில் விலகியதிலும் இதனையே அரியதென்று கருதுவோருளர். நானும் அவருள் ஒருவன். அக்கழகத்தைப் பற்றி மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் அப்போட்டியில் ஆடியது 1975இலேதான். கறுப்பினத்தவர் ஒருவர் அங்கத்தவராகச் சேர்க்கப்பட்டது 1990இலேதான். தம்மோடு ஆடிய எவரையும் மதித்த பெருந்தகை, தாம் வாழ்ந்த சமுதாயத்தின் அந்தச் சுவருக்குள்ளேயே இருந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது நாற்பது வயதில் விமானப்படையிற் சேர்ந்து, 1944 யூன் 7ஆந் திகதி நோர்மண்டிக் கரையில் இறங்கினார். ஒகஸ்டாத் திடலில் அக்காலத்தில் மாடுகள் மேய்ந்தன.

போர் முடிந்து சில ஆண்டுகளில் கழுத்திலும் கையிலும் நோவு கண்டது. 1948 ஓகஸ்ட் மாதம், சிறுவயதில் மெயிடன் பின்னே நடந்த ஈஸ்ட் லேக் திடலிலே அவர் ஆடிய சுற்றே வாழ்வின் இறுதிச் சுற்றாயிற்று. வயது 46. சிரிங்கோமயலியா என்னும் அந்நோயில் முண்ணாணினுள்ளே நீர்ப்பை தோன்றி நரம்புகளை நெரிக்கும். இருமுறை அறுவைச் சிகிச்சை செய்தும் பயனில்லை. முதலில் ஊன்றுகோல் ஒன்று, பின் இரண்டு, பின் சக்கர நாற்காலி. கைவிரல்கள் மடங்கி, எழுதுகோலைப் பந்தொன்றினுட் செருகிப் பிடித்துக் கையொப்பமிடும் நிலை வந்தது. இருபத்தெட்டில் அவர் விட்டுக்கொடுத்த ஆண்டுகள் எத்துணை மதிப்புடையன என்று இவ்விடத்தில் எவரும் கணக்குப் பார்ப்பர். அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. அதே 46 வயதில், 1986ஆம் ஆண்டு, அவர் அமைத்த அதே ஒகஸ்டாத் திடலில், ஜாக் நிக்லஸ் ஆறாம் முறையாக மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். சிறுவயதிலிருந்தே ஜோன்ஸ் அவர்களைத் தம் இலட்சிய வீரராகக் கொண்டவர் அவர்.

சென் அன்றூஸ் மக்களுக்கும் அவருக்குமிடையே வளர்ந்த அன்பு தனியானது. பொறுமையிழந்து போன இளைஞனை அவர்கள் மறக்கவில்லை; 1927இல் அங்கே பகிரங்கப் பட்டத்தை வென்றபோது தோளிலே தூக்கிச் சென்றனர். கிண்ணத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாது அவ்வூரிலேயே வைத்துக்கொள்ளும்படி அவர் வேண்டினார். 1936இல் ஐரோப்பா சென்ற வழியில், எவர்க்கும் அறிவியாது அத்திடலில் ஒரு சுற்று ஆடிப்போக நினைத்து வந்தார். வந்து பார்த்தால் கடைகளை அடைத்துவிட்டு ஊரே திரண்டு நின்றது. ஆயிரக்கணக்கானோர் சூழ, போட்டியேதுமில்லாத அந்நாளில், பழைய கை திரும்பி வந்ததுபோல் ஆடினார்.

1958ஆம் ஆண்டு உலக அமெச்சூர் குழுப் போட்டிக்கு அமெரிக்க அணியின் தலைவராக மீண்டும் அங்கு சென்றார். அப்போது நகரத்தார் அவருக்கு நகரப் பிரசையுரிமை என்னும் பெருங் கௌரவத்தை வழங்கினர். அதனை முன்னர்ப் பெற்ற அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்கிளின் ஒருவரே, அது 1759இல். மண்டபம் நிறைந்திருந்தது. கால்களில் இரும்புக் கட்டுகளோடு, பிறர் கை கொடுக்க முன்வந்தும் ஏற்காது, மேசைவரை தாமே நடந்துசென்று பேசினார். தம் வாழ்விலிருந்து சென் அன்றூசில் நிகழ்ந்தவை தவிர ஏனைய யாவற்றையும் எடுத்துவிட்டாலும், நிறைவாகவே வாழ்ந்தவராவேன் என்ற கருத்தை அங்கே கூறினார். பேச்சு முடிந்ததும் சிறு மின்வண்டியிலேறி நடுவழியே வெளியேறினார். எவரோ ஒருவர், பிரிந்துசெல்வோனை மீண்டும் வாராயோ என்று கேட்கும் பழைய ஸ்கொத்லாந்துப் பாட்டைத் தொடங்க, மண்டபம் முழுவதும் சேர்ந்து பாடியது. அவர் மீண்டும் அங்கே வரவில்லை.

1971ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 18ஆந் திகதி அட்லாண்டாவில் அவர் காலமானார். செய்தி சென் அன்றூசை எட்டியபோது, பழைய திடலிலே ஆடிக்கொண்டிருந்தோர் ஆட்டத்தை நிறுத்தினர். கழக மனையின் கொடி அரைக்கம்பத்திற்கு இறக்கப்பட்டது. அத்திடலின் 10ஆங் குழி இன்று அவர் பெயரால் வழங்குகின்றது. அவர் 1921இல் ஆட்டத்தைக் கைவிட்ட இடம் அதற்கு அடுத்த குழி.